ஐந்தாம் பொட்டலத்துப் புண்ணாக்கு

"12-12-1999, ஞாயிறு. வந்தவர்கள் ஏழு பேர். குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கின் முடிவுகள் பிரிக்கப்பட்டன. ஐந்தில் ஒன்று ஏழாம் விதிப்படி நீக்கப்பட்டது. மீதி நான்கின் சராசரி எல்லைக்குள். மாட்டுத் தீவனமாகக் கொடுக்கலாம் எனத் தெரிவிக்கத் தீர்மானம். வடைச் செலவு: தலைவர்."

எங்கள் சங்கத்தின் கூட்டக் குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன். கையெழுத்து என்னுடையது, நீல மை. இதில் மறைவாக ஒன்றும் இல்லை. அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்ததைத்தான் எழுதினேன். அன்று எங்களுக்கு வித்தியாசமாகப் பட்டது கடைசி வரி ஒன்றுதான். தலைவருக்கு அதற்கு முன் ஒருமுறைகூட வடை வாங்க நேர்ந்ததில்லை.

சங்கத்தின் முழுப்பெயர் நீளமானது. உணவில் சேரும் நஞ்சுகளை ஆராய்கிறவர்களின் தொழில்முறைச் சங்கம் அது. தலைமை அலுவலகம் வடக்கே ஒரு நகரத்தில் இருந்தது. வருடத்துக்கு ஒரு சுற்றறிக்கை வரும், அவ்வளவுதான். எங்கள் திண்டுக்கல் கிளை 1996 கோடையில் தொடங்கி 2004 வரை நடந்தது. நான் நச்சியல் படித்தவன் அல்லன். குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியர். தினமும் பஸ்ஸில் போய்வருவேன். எதையும் தேதி போட்டு எழுதிவைக்கும் வழக்கம் எனக்கு இருந்தது. அதைப் பார்த்துத்தான் செயலாளர் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு கூட்டம். இடம், நாகல் நகரில் தலைவர் வீட்டு மாடி. அவர் ஞாயிறு காலைப் பூசை முடித்து மாதா கோயிலிலிருந்து நேரே வந்துவிடுவார். அதன்பின் ஒவ்வொருவராக மாடிப்படி ஏறுவோம். கீழே தெருமுனையில் டீக்கடை. அந்தக் கடைக்காரர் எங்களுக்கு வைத்த பெயர் விஷச் சங்கம். மாடியைப் பார்த்து ஒரு குரல் கொடுப்பார்.

"விஷச் சங்கத்துக்கு எத்தன டீ?"

"ஏழு. சர்க்கரை கம்மியா."

"டீத்தூளையும் சோதிச்சுப்புட்டுத்தேன் குடிப்பீகளோ?"

"போன மாசமே சோதிச்சாச்சுய்யா. அதான் இன்னும் உங்கிட்ட வாங்குறோம்."

இது ஏறக்குறைய மாதாமாதம் நடக்கிற பேச்சு. பள்ளிக்கூடங்களுக்குப் போய் மஞ்சள் தூளில் சாயம் கலந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று செய்து காட்டுவோம். கேசரியின் நிறத்தைப் பற்றிப் பேசுவோம். இதனால் உறவுக்காரர்களின் கல்யாணப் பந்தியில் எங்களை உட்கார வைக்கவே தயங்கினார்கள். ஒருமுறை வத்தலகுண்டில் என் மைத்துனர், இலையில் லட்டு வைக்க வந்தவரைக் கையமர்த்தி, "மாமாவுக்கு வேண்டாம், அப்புறம் நிறத்தைப் பத்திப் பேசுவாரு," என்றார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டு மாடியின் பின்னறையில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி போட்டு மூடி, ஒரு புற ஊதா விளக்கு வைத்திருந்தார். கடலையிலும் மக்காச்சோளத்திலும் பூஞ்சை பிடித்தால் அதில் அஃப்ளடாக்சின் என்கிற நஞ்சு ஊறும். ஈரலைக் கெடுக்கும். அதைக் கண்டறிய அன்று எங்களிடம் இருந்த வழி ஒன்றுதான். சாமானை அரைத்து, சாறு இறக்கி, சிலிக்கா பூசிய கண்ணாடித் தட்டில் ஒரு புள்ளி வைத்து, தட்டைக் கரைப்பானில் நிறுத்தி அது மேலே ஏறியதும், இருட்டறையில் அந்த விளக்கின் கீழ் பிடிக்க வேண்டும். நஞ்சு இருந்தால் புள்ளி நீலமாக ஒளிரும். பக்கத்தில் அளவு தெரிந்த புள்ளிகள் வரிசையாக இருக்கும். எதன் ஒளியோடு நம்முடையது ஒத்துப்போகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். மெஷின் எதுவும் கிடையாது, கண்தான்.

ஆகவே கண்களைப் பழக்குவதே எங்கள் சங்கத்தின் முக்கிய வேலையாக இருந்தது. அதற்குப் பொட்டலச் சோதனை என்று பெயர். தலைவர் கடலையை வாங்கி, தன் வீட்டு மிக்ஸியில் மாவாக அரைத்து, சலித்து, மறுபடி கலந்து, சம அளவில் பொட்டலம் கட்டித் தருவார். ஐந்து பேர் வாங்கிப் போவார்கள். தலைவர், மகளிர் கல்லூரி ஒன்றில் உயிர்வேதியியல் பேராசிரியை, ஒரு எண்ணெய் மில்லின் கெமிஸ்ட், மதுரையிலிருந்து வரும் இருவர். அடுத்த கூட்டம் வரை யாரும் யாரிடமும் தன் முடிவைச் சொல்லக்கூடாது. ஒருவர் சொன்னால் மற்றவர் கண் அதன் பக்கம் சாய்ந்துவிடும். பெயர் போடாத துண்டுச் சீட்டில் எழுதி மடித்துக் கொண்டுவர வேண்டும். நான் பிரித்து வாசிப்பேன். ஒரே ஒரு முடிவு மட்டும் மற்ற முடிவுகளை விட்டு வெகுதூரம் விலகி நின்றால் அதை நீக்கிவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுப்போம். இதுதான் ஏழாம் விதி. எழுதியவர் தலைவர். விலகிய சீட்டுக்கு உரியவர் கையைத் தூக்கி ஒப்புக்கொண்டு, அன்றைக்கு எல்லோருக்கும் உளுந்து வடை வாங்க வேண்டும். இதை யார் தொடங்கினார்கள் என்று என் குறிப்பில் இல்லை.

பெரும்பாலும் வடை மில் கெமிஸ்ட்டின் செலவு. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டவர் இல்லை.

மூன்று வருடம் இப்படி நடந்ததில் எங்களுக்கு ஒன்று ஊறிப்போயிருந்தது. எல்லாப் பொட்டலத்திலும் இருப்பது ஒரே மாவு. முடிவு மாறினால் குறை பார்த்தவரிடம் இருக்கிறது. வேறு மாதிரி இருக்கக்கூடும் என்று நினைக்க வேண்டிய அவசியமே எங்களுக்கு வரவில்லை.

1999 நவம்பர் கூட்டத்துக்கு மாட்டு டாக்டர் ஒரு பெண்ணை அழைத்து வந்தார். டாக்டர் எங்கள் சங்கத்தில் உறுப்பினர். குஜிலியம்பாறைப் பக்கம் கால்நடை மருந்தகத்தில் வேலை. தட்டுச் சோதனை செய்வதில்லை. கூட்டத்துக்கு வந்து கேட்டுக்கொண்டிருப்பார். அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். கையில் ஒரு மஞ்சள் பை. படி ஏறி வந்ததும் சுவரோரம் தரையில் உட்காரப் போனார். பேராசிரியை எழுந்து நாற்காலியைக் காட்டியதும் அதன் நுனியில் உட்கார்ந்தார்.

"பயப்படாமச் சொல்லுத்தா," என்றார் மாட்டு டாக்டர்.

கணவர் திருப்பூரில் வேலைக்குப் போயிருந்தார். வீட்டு வரும்படி பால்தான். மூன்று மாடு இருந்ததில் ஒன்று தீபாவளிக்கு முன்னால் செத்துவிட்டது. தீனியை வெறுத்தது, கண் மஞ்சளானது, படுத்தது, எழவில்லை. மிச்சம் இரண்டு. கறுப்பு கறக்கிறது. செவலை சினை. மழையில் நனைந்த கடலையை ஆட்டிய புண்ணாக்கு சல்லிசாகக் கிடைத்தது என்று வாங்கியிருந்தார். அது சேராமல்தான் முதல் மாடு போயிற்றோ என்று சந்தேகம்.

"இப்ப அதப் போடுறதை நிப்பாட்டி வச்சிருக்கேன். ஆனா போடுறதுக்கு வேற ஒண்ணும் இல்லீங்க. சோளத்தட்டை பூராம் மழையில நனஞ்சு கறுத்துப் போச்சு. போடலாமா, குப்பையில கொட்டவா? அது தெரிஞ்சாப் போதும்."

"சாக்கை எங்கம்மா வச்சிருந்தீங்க?" என்றார் தலைவர்.

"தாவாரத்துல, செவத்தோரம் சாத்தி வச்சிருந்தேன். கொஞ்சம் ஒழுகுற எடந்தேன். கைபோன போக்குல இதுல அள்ளிட்டு வந்தேன்."

பிறகு எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு மாட்டு டாக்டரிடம் கேட்டார். "ஏன் டாக்டரு, ஒரு சாக்குப் புண்ணாக்குக்கு இம்புட்டுப் பேரா?"

மில் கெமிஸ்ட் சொன்னார்: "ஒருத்தர் பார்த்தா தப்பாப் போயிரும்மா. அதுக்குத்தான் அஞ்சு பேரு."

"அதுவும் சரித்தேன். அஞ்சுல நாலு பேரு சொன்னா நம்பலாம்."

தலைவர் பையை மேசையில் வைத்து வாயைத் திறந்தார். புண்ணாக்கு கை அகலத் துண்டுகளாகவும் சில்லுகளாகவும் இருந்தது. மதுரைக்காரர்கள் முதலில் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு பஸ் இருக்கிறது. அடுத்து மில் கெமிஸ்ட். பேராசிரியை ஒரு பெரிய துண்டாக எடுத்தார். தலைவர் எதிலும் கடைசியாகத்தான் எடுப்பார். டீ தம்ளராக இருந்தாலும் அப்படித்தான். பையின் அடியில் மிஞ்சியதைத் தட்டிக் கொட்டி ஐந்தாம் பொட்டலமாகக் கட்டிக்கொண்டார். மொத்தத்தையும் முதலில் ஒன்றாக அரைக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. அரைப்பது எப்போதும் தலைவர் முன்கூட்டியே வீட்டில் செய்துவிடுகிற வேலை. எங்கள் மேசைக்கு வரும்போது எந்தப் பொட்டலமும் அரைத்துக் கலந்ததாகத்தான் இருக்கும். கைகள் அந்தப் பழக்கத்திலேயே போயின.

அந்தப் பெண் கிளம்பும்போது, "எப்பச் சொல்லுவீக?" என்று கேட்டார். அடுத்த மாதம் என்றதும் முகம் வாடியது.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம் சுற்றறிக்கை ஒன்றில் கையெழுத்து வாங்கத் தலைவர் வீட்டுக்குப் போனேன். கடைகளில் காகித நட்சத்திரங்கள் தொங்க ஆரம்பித்திருந்தன. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடாமலே கேட்டார்.

"அந்தம்மா இன்னும் நிறுத்தித்தானே வச்சிருக்கு?"

"ஆமா சார். டாக்டர் சொன்னாரு. வேப்பங்கொழையும் வாகைத் தழையும் ஒடிச்சுப் போடுதாம்."

"நிறுத்தியே வச்சிருக்கட்டும்."

அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முடிவைக் கூட்டத்துக்கு முன் பேசக்கூடாது என்பது வழக்கம். அவர் அதில் கண்டிப்பானவர். அவ்வளவு பேசியதே அதிகம் என்பது போல உள்ளே போய்விட்டார்.

கூட்டத்தன்று மழை தூறியது. நான் சீட்டுகளைப் பிரித்து வாசித்தேன். நான்கு சீட்டுகள், தீவனத்தில் இருக்கலாம் என்று அனுமதித்த எல்லைக்கு நன்றாகக் கீழே, ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தன. ஐந்தாவது எல்லையைத் தாண்டி, பல மடங்கு தாண்டி நின்றது. வாசித்து முடிக்கும் முன்பே மதுரைக்காரர் ஒருவர் மில் கெமிஸ்ட்டின் முதுகில் தட்டினார்.

"என்ன சார், இந்த மாசமும் வடை உங்க தலையிலயா?"

"சத்தியமா நான் இல்லப்பா. இந்தத் தடவை ரொம்பக் கவனமாச் செஞ்சேன்."

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க."

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது தலைவர் கையைத் தூக்கினார்.

சிரிப்பு உடனே நிற்கவில்லை. அவர் விளையாடுகிறார் என்று நினைத்தோம். அவர் கையை இறக்காமல் இருந்ததும் ஒவ்வொருவராக அடங்கினோம்.

"மூணு தட்டு வச்சேன். மூணும் இதேதான்," என்றார்.

அவருக்கு வலது கண்ணில் புரை எடுத்திருந்தது. அதற்கு முந்தைய வருடம் மதுரையில். உள்ளே வைக்கிற லென்ஸ் அவருக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டதால் தடித்த கண்ணாடி போட்டிருந்தார். இடது கண்ணிலும் புரை ஏறிக்கொண்டிருந்தது. இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். எடுத்துச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் பேராசிரியைதான் தொடங்கினார். நிறையப் படிப்பவர், யாரையும் புண்படுத்தாமல் பேசுபவர்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. கண்ணோட சொந்த லென்ஸ் புற ஊதாக் கதிரைத் தடுத்திடும். புரை ஆபரேஷன்ல அதை எடுத்துட்டா அந்தக் கதிர் உள்ள போகும். விளக்கே கொஞ்சம் நீலமாத் தெரியும்னு படிச்சிருக்கேன். புள்ளி உள்ளதை விட அதிகமா ஒளிர்ற மாதிரி…"

"இருக்கலாம்மா," என்றார் தலைவர். "நானும் அதை யோசிச்சேன்."

இந்த விளக்கம் எங்களுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. காரணம் கிடைத்துவிட்டது. அதுவும் விஞ்ஞானக் காரணம். மில் கெமிஸ்ட்கூட, "அப்படியா விஷயம்," என்று ஆர்வமாகத் திரும்பி இன்னும் கேட்டார். பேராசிரியை ஒரு தாளில் கண்ணை வரைந்து காட்டினார். கொஞ்ச நேரம் புண்ணாக்கை மறந்து கண்ணைப் பற்றியே பேசினோம். தலைவரும் இரண்டொரு கேள்வி கேட்டார். வேறு யாருடைய கண்ணைப் பற்றியோ கேட்பவர் போல.

பேராசிரியை, "வேணும்னா அடுத்த மாசம் இன்னொரு தரம் பார்த்திடலாம்," என்றார்.

மாட்டு டாக்டர் அதுவரை பேசாமல் இருந்தவர், "அடுத்த மாசமா?" என்றார். "மேடம், அங்க போடுறதுக்கு ஒண்ணுமில்ல. செவலைக்கு இப்பவே எலும்பு எண்ணலாம். சினை மாடு. தழையைத் தின்னுட்டு எம்புட்டு நாளு நிக்கும்? நீங்க போடுன்னா போடச் சொல்றேன், வேணாம்னா வேணாங்கிறேன். இன்னிக்கு ஒண்ணு சொல்லுங்க."

எல்லோரும் தலைவரைப் பார்த்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது இல்லாமல் அவருக்கு எங்கள் முகம் தெரியாது.

"விதி இருக்கே," என்றார். "எழுதிக்கங்க."

டீக்கடைக்காரர் வடையோடு மேலே வந்தபோது, "இன்னிக்கு யாரு மாட்டுனது?" என்றார். தலைவர் சட்டைப்பையில் கைவிட்டதைப் பார்த்ததும் வடையை வைத்துவிட்டு, காசை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

பதிலை ஒரு தாளில் எழுதி நான்தான் கொண்டுபோனேன். பள்ளிக்கூடம் போகிற வழியில் இறங்கி, சோளக்காட்டு வரப்பில் நடக்க வேண்டும். திங்கட்கிழமை. செவலை கட்டுத்தறியில் நின்றுகொண்டிருந்தது. விலாவில் தோல் உள்வாங்கி, வயிறு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அந்தப் பெண் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"படிச்சுச் சொல்லுங்க சார். போடலாம்னு இருக்கா?"

"எல்லைக்குள்ள இருக்குன்னு இருக்கும்மா. போடலாம்."

"எல்லைக்குள்ளன்னா? கொஞ்சம் இருக்கா?"

"கொஞ்சம் எல்லாத்துலயும் இருக்கும். இது கெடுதல் பண்ணாது."

"நாலு பேரும் சொல்லிட்டாகளா?"

நான்கு பேர் சொன்னதாகச் சொன்னேன். அது உண்மைதான். ஐந்தாமவரைப் பற்றி அவர் கேட்கவில்லை. உடனே உள்ளே போய்ப் புண்ணாக்கை அள்ளிவந்து தொட்டித் தண்ணீரில் போட்டார். ஊறக்கூடவில்லை, செவலை மூக்கை விட்டுத் துழாவ ஆரம்பித்தது. "அவசரப்படாதடி, யாரும் புடுங்கிக்கிற மாட்டாக," என்று அதன் நெற்றியைத் தள்ளினார். எனக்கு மோர் கொடுத்தார். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்றேன். "செத்த நேரம் நின்னு குடிச்சுட்டுப் போங்க சார், நல்ல சேதி கொண்டாந்திருக்கீக," என்றார்.

ஜனவரிக் கூட்டம் பொங்கலை ஒட்டி வந்ததால் நடக்கவில்லை. மாட்டுப் பொங்கல் கழிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் மாட்டு டாக்டர் பஸ் நிறுத்தத்தில் எனக்காக நின்றுகொண்டிருந்தார். செவலை மாதம் நிறையாமலே கன்று வீசிவிட்டது என்றார். பொங்கலுக்கு முந்தியே தீனியை விட்டுவிட்டதாம். அந்த வீட்டில் கொம்புக்கு வர்ணம் அடிக்கவில்லை. அவர் பேசிய இரண்டொரு நாளில் மாடு செத்துப் போனது. கறுப்பு பிழைத்துக்கொண்டது. ஆனால் பால் வற்றிவிட்டது. அதை ஒட்டன்சத்திரத்துச் சந்தையில் விற்றதாகப் பிறகு தெரிந்தது.

மாட்டு டாக்டர் செவலையை அறுத்துப் பார்த்தார். ஈரல் மங்கிய மஞ்சளாக, தொட்டால் உதிர்வதாக இருந்தது என்றார். ஒரு துண்டை மருந்துத் தண்ணீரில் போட்டு, நகரத்தில் உள்ள ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார். "ஆனா உறுதியாச் சொல்ல முடியாது சார்," என்றார். "உண்ணிக் காய்ச்சல்லயும் கண்ணு மஞ்சளாகும். ஈரல்ல புழு இருந்தாலும் இப்படி ஆகும். பட்டினியும் கெடந்திருக்கு. ரிப்போர்ட் வரட்டும்."

தலைவரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான். அந்தச் சாக்கில் மிச்சம் இருக்குமா? அடுத்த நாள் வரப்பில் நடந்து போனேன். கட்டுத்தறி காலியாக இருந்தது. தொட்டி கவிழ்த்துக் கிடந்தது. மிச்சத்தையெல்லாம் குப்பைக் குழியில் கொட்டி மேலே சாணியும் போட்டாயிற்று என்றார் அந்தப் பெண். எதற்கென்று கேட்டார். இன்னொரு முறை பரிசோதிக்க என்றேன்.

"எதுக்கு சார்? இன்னொருக்கா எல்லை பாக்கவா?"

குரலை உயர்த்தவில்லை. கேட்டுவிட்டு விறகு பொறுக்கப் போய்விட்டார். நான் வரப்பில் திரும்பி நடந்தேன்.

பிப்ரவரி 13, 2000, ஞாயிறு. அன்றைய கூட்டத்தில் தலைவர், தான் இனித் தட்டு வாசிக்கப் போவதில்லை என்று தொடக்கத்திலேயே சொன்னார். பேராசிரியை கைப்பையிலிருந்து ஒரு காகிதச் சுருளை எடுத்து மேசையில் பிரித்தார். உள்ளே புண்ணாக்குத் துண்டு. நவம்பரில் அவர் எடுத்த பெரிய துண்டின் மிச்சம். அன்று ஒரு முனையை மட்டும் உடைத்து அரைத்திருக்கிறார். மீதியைக் கல்லூரி ஆய்வகத்தில் குளிர்பெட்டியில் போட்டு வைத்திருந்தார். மாடு செத்த செய்தி கேட்ட பிறகு மறுமுனையையும் உடைத்துப் பார்த்திருக்கிறார்.

"இந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல," என்றார். துண்டைத் திருப்பினார். உடைந்த இடத்தில் சாம்பல் நிறத்துக்குள் பச்சையாக ஒரு கோடு ஓடியது. "இந்தப் பக்கம், சார் சொன்ன அளவு. கிட்டத்தட்ட அதேதான்."

சுவரோரம் சாய்த்து வைத்த சாக்கு, ஒழுகுகிற இடம். எல்லாம் எங்களிடம் சொல்லப்பட்டிருந்தது. சாக்கின் ஒரு பக்கம் நனைந்திருக்கிறது. ஒரு துண்டில் நஞ்சு இருக்கும், பக்கத்துத் துண்டில் இருக்காது. நால்வரும் தங்கள் கைக்கு வந்த துண்டைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறார்கள். ஐந்தாமவரும் சரியாகத்தான் வாசித்திருக்கிறார். நாங்கள் கண்ணைச் சந்தேகித்தோம், அதற்கு ஒரு நல்ல காரணமும் கண்டுபிடித்தோம். ஐந்து கையில் இருந்ததும் ஒரே பொருள்தானா என்று மட்டும் கேட்கவில்லை.

மில் கெமிஸ்ட், "அப்ப சார் கண்ணு…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

தலைவர் துண்டைக் கையில் வாங்கி மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். பிறகு பழையபடி காகிதத்தில் வைத்தார்.

"கண்ணு சரியாத்தான் இருந்திருக்கு போல," என்றார். அதில் சந்தோஷம் எதுவும் இல்லை. சற்றுக் கழித்து, "நான் எழுதின விதிதானே," என்று மட்டும் சேர்த்தார். பேராசிரியை அழுதுகொண்டிருந்தார். யாரும் டீ சொல்லவில்லை. கீழேயிருந்து வழக்கமான குரல் ஒருமுறை கேட்டது. பதில் வராததால் மறுபடி கேட்கவில்லை.

வெளியிலிருந்து வரும் எதையும் முதலில் மொத்தமாக அரைத்துக் கலந்த பிறகே பங்கிட வேண்டும் என்று அன்று ஒரு விதி சேர்த்தோம். அந்த விதியைப் பயன்படுத்த எங்களுக்கு அதிகம் வாய்ப்பு வரவில்லை. அதன்பின் ஊர்ப்பக்கத்திலிருந்து யாரும் எங்களிடம் புண்ணாக்கு கொண்டுவரவில்லை. மாட்டு டாக்டர் கூட்டத்துக்கு வருவது குறைந்தது. மதுரைக்காரர்களில் ஒருவர் மாற்றலாகிப் போனார். பெரிய ஊர்களில் மெஷின்கள் வந்துவிட்டன. தட்டு வாசிக்கும் கண்ணுக்கு வேலை இல்லாமல் போனது. தலைவர் இருட்டறையின் கறுப்புத் துணிகளை எடுத்துவிட்டு, பேரப்பிள்ளைகள் படிக்க அந்த அறையைக் கொடுத்தார். 2003 தவக்காலத்தில் இறந்தார். அடக்கத்தன்று மழை இல்லை, நல்ல வெயில். அடுத்த வருடம் கிளையை மூடிவிட்டோம். கடைசிக் கூட்டத்துக்கு நானும் பேராசிரியையும் மட்டும் வந்திருந்தோம்.

அந்தப் பெண்ணைப் பிறகு ஒரே ஒருமுறை பார்த்தேன். 2002-ஆக இருக்க வேண்டும். குறிப்பில் எழுதவில்லை. குஜிலியம்பாறை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நல்லாருக்கீகளா சார்?"

"இருக்கேம்மா. மாடு ஏதும் வாங்குனீங்களா?"

"இல்ல. வெள்ளாடுதேன் நாலு வச்சிருக்கேன். அதுக்குப் புண்ணாக்கு வேண்டியதில்ல. வேலியில மேஞ்சுக்கிரும்." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "எதுல செத்துச்சுன்னு அப்புறம் தெரிஞ்சுச்சா?" என்று கேட்டார்.

விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விசாரித்தேன். ஈரல் துண்டைப் பார்சலில் அனுப்பியது நன்றாக ஞாபகம் இருப்பதாக மாட்டு டாக்டர் சொன்னார். அனுப்பிய ரசீது அவரிடம் இல்லை. பரிசோதனைக் கூடத்துக்கு இரண்டு முறை எழுதினேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, அந்த வருடத்துப் பதிவுகள் கட்டட மாற்றத்தின்போது வேறு இடத்துக்குப் போய்விட்டன, கிடைத்தால் தெரிவிக்கிறோம் என்று ஒரு அட்டை வந்தது. அந்தப் பார்சல் அங்கே போய்ச் சேர்ந்ததா, யாராவது அதைத் திறந்து பார்த்தார்களா என்பது எனக்குத் தெரியாது. புண்ணாக்கில் ஒரு பகுதி கெட்டிருந்தது என்பது நிச்சயம். செவலையின் தொட்டியில் விழுந்தது அந்தப் பகுதிதானா, மாடு அதனால்தான் செத்ததா என்பது இதை எழுதும் வரை உறுதிசெய்யப்படவில்லை.